அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூ: அழைப்பு வந்த நாள் முதல் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வரை

அமெரிக்காவில் எம்.டி. (ஊரின் எம்பிபிஎஸ் போல இங்கே டாக்டராவதற்கான பட்டம்) படிக்க விண்ணப்பம் போட்டுவிட்டு மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகப் பதறும் அப்பா அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன். எம்கேட் நுழைவுத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, கட்டுரையை எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அழைப்பு வந்த பிறகு என்ன செய்வது, இரண்டு மூன்று இடம் கிடைத்தால் எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மகள் விண்ணப்பித்த வருடம் முழுக்க இதைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தோம். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஊரில் நீட் கவுன்சலிங் பார்த்துப் பழகிய பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ரேங்க் வரிசையில் கூப்பிட்டு இடம் கொடுப்பதில்லை. மார்க், கட்டுரை எல்லாம் பார்த்து அழைப்பு வரும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் எடைபோடும் காலம் ஏறக்குறைய எட்டு மாதம் ஓடும்.

1. அழைப்பு வரும் முன்பே முடித்துவைக்க வேண்டியவை

எம்.டி. பள்ளிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸில் போட்ட விண்ணப்பத்தின் நகலையும், ஒவ்வொரு பள்ளியும் தனியாகக் கேட்டு எழுதிய செகண்டரி கட்டுரைகளையும் பள்ளிவாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். இருபது பள்ளிக்கு எழுதியவருக்கு எந்தப் பள்ளியிடம் என்ன சொன்னோம் என்று நவம்பரில் நினைவிருக்காது. கேட்பவர் கையில் அந்தத் தாள் இருக்கலாம்.

காஸ்பர், ப்ரீவியூ போன்ற கூடுதல் தேர்வுகளைக் கேட்கும் பள்ளிகள் உண்டு. அந்த மதிப்பெண் போய்ச் சேராமல் ஃபைல் முழுமையடையாது. ஃபைல் முழுமையடையாமல் அழைப்பு வராது. பள்ளியின் போர்ட்டலில் ‘முழுமை’ என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஸ்பேம் ஃபோல்டரையும் தினமும் பாருங்கள்.

எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல பள்ளிகள் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் சில பள்ளிகள், ஒன்று முதல் நான்கு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே, அதற்கென்றே ஒதுக்கிவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் கட்டச் சொல்லும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு பள்ளியின் கொள்கையும் இருக்கிறது. இன்டர்வியூவுக்கு நாள் குறிக்கும் முன்பே அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால், படிக்கும்போது எந்த விசாவில் இருப்பீர்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

2. அழைப்பு வந்த அன்றே நாள் குறியுங்கள்

பெரும்பாலான பள்ளிகள் வரவர இடம் கொடுத்துக்கொண்டே போகும். வழக்கமான எம்.டி. விண்ணப்பங்களில் அக்டோபர் 15-க்கு முன் யாருக்கும் இடம் அறிவிக்கக் கூடாது என்பது விதி; அன்று முதல் இடங்கள் கரையத் தொடங்கும். செப்டம்பரில் இன்டர்வியூ முடித்தவருக்கும் பிப்ரவரியில் முடித்தவருக்கும் முன்னால் இருக்கும் காலி இடங்கள் ஒன்றல்ல. ஆகவே ‘நல்லாத் தயார் பண்ணிட்டுப் போகலாம்’ என்று கடைசித் தேதியை எடுக்காதீர்கள். அழைப்பு காலையில் வந்து, மாலை வகுப்பு முடிந்து பார்க்கும்போது நல்ல தேதிகள் எல்லாம் போயிருந்ததும் எங்களுக்கு நடந்தது.

மெயிலில் குறிப்பிடும் நேரம் பள்ளி இருக்கும் ஊரின் நேரம். அரிசோனாவில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: மற்ற மாநிலங்கள் நவம்பரில் கடிகாரத்தை மாற்றும், நீங்கள் மாற்ற மாட்டீர்கள். டிசம்பர் லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நியூயார்க்கில் காலை 9 முதல் மாலை 3 வரை என்றால், சென்னையில் இரவு 7:30-க்குத் தொடங்கி நள்ளிரவு 1:30 வரை. முடியாது என்றில்லை, ஆனால் கரண்ட் போகாத, கல்யாண மண்டப ஸ்பீக்கர் கேட்காத ஓர் அறை வேண்டும். முடிந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

3. எந்த வகை என்று தெரிந்துகொண்டு பயிற்சி செய்யுங்கள்

பழைய முறையில் ஒருவரோ இருவரோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் பேசுவார்கள். சிலர் உங்கள் ஃபைல் முழுவதையும் படித்திருப்பார்கள், சிலர் மார்க்கைத் தவிர மற்றதைப் படித்திருப்பார்கள், சிலர் எதையுமே பார்த்திருக்க மாட்டார்கள். எந்த மாதிரி என்பதைப் பெரும்பாலும் பள்ளியே சொல்லிவிடும். எதையும் படிக்காதவரிடம் ‘என் விண்ணப்பத்தில் எழுதியிருந்த மாதிரி’ என்று ஆரம்பித்தால் அவர் விழிப்பார்.

இன்னொன்று எம்எம்ஐ, அதாவது அடுத்தடுத்துப் பல குட்டி இன்டர்வியூக்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. ஆறு முதல் பத்து நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சூழ்நிலையைப் படிக்க இரண்டு நிமிடம், பேச ஆறு முதல் எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த நிலையம். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவதையே தனியாகப் பழக வேண்டும். சில பள்ளிகள் இதையும் அதையும் கலந்து வைக்கின்றன. மனிதர் யாரும் இல்லாமல் கேமரா முன் பேசிப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லும் பள்ளிகளும் உண்டு.

4. பதில்களை மனப்பாடம் செய்யாமல் தயார் செய்வது

நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

‘ஏன் மருத்துவம்?’ என்று கேட்டால், தாத்தாவுக்கு ஊரில் நெஞ்சு வலி வந்தது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை, அன்று முடிவெடுத்தேன் என்று தொடங்கும் கதையை அந்தக் குழு அதே வாரத்தில் நாலு பேரிடம் கேட்டிருக்கும். உண்மையாகவே நடந்திருந்தால் சொல்லுங்கள். ஆனால் அதன் பிறகு நீங்களாகத் தேடிப் போய்ச் செய்தது என்ன என்பதற்கு நேரத்தில் முக்கால் பங்கைக் கொடுங்கள். கிளினிக்கில் பார்த்த ஒரு நோயாளி, அவர் சொன்ன ஒரு சொல், அதனால் நீங்கள் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கம், இப்படி ஒன்று போதும்.

லீவில் ஊருக்குப் போய் மருத்துவ முகாமில் உதவியது நல்ல அனுபவம். அங்கே ‘நானே தையல் போட்டேன், ஊசி போட்டேன்’ என்று பெருமையாகச் சொல்லிவிடாதீர்கள். பயிற்சி இல்லாதவர் ஏழை நோயாளியின் உடம்பில் பழகினார் என்றே இங்கே புரிந்துகொள்வார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், பேச்சின் நிறமே மாறிவிடும்.

எம்எம்ஐ பயிற்சிக்கு ஒரு சூழ்நிலையை எடுத்துப் பார்ப்போம். நோயாளி ஒரு வயதான அம்மா. புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மகன் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, ‘அம்மா தாங்க மாட்டாங்க, சொல்லாதீங்க’ என்கிறார். நம் வீடுகளில் இது அன்றாட நடப்பு. அதனால் நம் பிள்ளைகள் ஒன்று மகன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், அல்லது பாடம் ஒப்பிப்பதுபோல ‘நோயாளியின் உரிமை’ என்று வெட்டிப் பேசுவார்கள். நடுவே ஒரு வழி இருக்கிறது. மகன் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். பிறகு, தன் உடல்நிலையை எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம், யாரிடம் சொல்வது என்று அம்மாவிடமே கேட்பேன் என்று சொல்லுங்கள். ‘எல்லாத்தையும் என் பையன்கிட்ட சொல்லிடுங்க’ என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால் மகனை மொழிபெயர்க்க விடாமல் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தன் பாட்டிக்காகச் சின்ன வயதில் டாக்டரிடம் மொழிபெயர்த்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். அந்த அனுபவத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் மெடிகேர் யாருக்கு, மெடிகெய்ட் யாருக்கு என்ற அடிப்படை வேறுபாடாவது தெரிந்திருக்க வேண்டும். ‘தோல்வி ஒன்றைச் சொல்’ என்றால் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பி பிளஸ் வாங்கியதைச் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள்.

பயிற்சிக்குக் காசு கொடுத்து ஆலோசகர் வைக்க வேண்டுமா? கல்லூரியில் ப்ரீ-ஹெல்த் அலுவலகம் இருந்தால் பெரும்பாலும் மாதிரி இன்டர்வியூ இலவசம். போனில் பதிவுசெய்து பார்ப்பது அதைவிட மலிவு. பார்க்கக் கூச்சமாக இருக்கும், அதனால்தான் பயன்.

5. அன்றைய நாள்

2020-க்குப் பிறகு பெரும்பாலான இன்டர்வியூக்கள் வீடியோவில்தான். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். வைஃபையை நம்பாமல் கேபிள் போடுங்கள். கோட் மேலே மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். எழுந்து கதவைச் சாத்த வேண்டி வரும்.

அப்பா அம்மாவுக்கு: அடுத்த அறையில் நின்று ஒட்டுக் கேட்காதீர்கள். குக்கர் வைக்காதீர்கள், மிக்ஸி போடாதீர்கள். வாசல் மணிக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். முடிந்து வெளியே வந்ததும் ‘என்ன கேட்டாங்க’ என்று பிடித்துக்கொள்ளாமல் சாப்பாடு போடுங்கள்.

நேரில் வரச் சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன. விமானம், ஒரு இரவு ஹோட்டல், ஊபர் எல்லாம் சேர்த்தால் ஒரு பயணத்துக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் எளிதாகப் போய்விடும். வெளியூர் மாணவர்களைத் தங்கள் வீட்டில் தங்கவைக்கும் சீனியர்கள் இருக்கிறார்களா என்று பள்ளியிடம் கேளுங்கள். இன்டர்வியூவுக்குப் போடும் கோட், சூட்டைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள்.

6. நீங்கள் கேட்க வேண்டியவை

‘உங்களுக்குக் கேள்வி ஏதாவது?’ என்பதை மரியாதைக்குக் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்து முடிவெடுக்கும்போது கையில் இருக்கப்போவது இந்தப் பதில்கள்தான். பேராசிரியரிடம் கேட்பது வேறு, மாணவரிடம் கேட்பது வேறு. முதல் வருட மாணவர்களுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம், நான்காம் வருடத்தவர் ஒருவரின் மெயிலையாவது வாங்குங்கள்.

முதல் இரண்டு வருடம் பாஸ்/ஃபெயில் மட்டுமா? அப்படியென்றால் உள்ளுக்குள் ரேங்க் வைக்கிறார்களா? பல இடங்களில் வெளியே பாஸ்/ஃபெயில், உள்ளே வரிசை. டாக்டர் உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ முதல் படித் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து மார்க் இல்லாமல் பாஸ்/ஃபெயில் ஆகிவிட்டதால், மூன்றாம் வருட கிளினிக்கல் மதிப்பீடும், அடுத்த படியான ஸ்டெப் 2 மதிப்பெண்ணும்தான் இப்போது கனம். ஸ்டெப் 2-க்குப் படிக்க எத்தனை வாரம் விடுமுறை தருகிறார்கள்?

கிளினிக்கல் ரொட்டேஷன் (மருத்துவமனையில் துறை துறையாகச் சுற்றிப் பெறும் பயிற்சி) எங்கே? சொந்த மருத்துவமனையிலா, அறுபது மைல் தள்ளியா? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா? இந்தக் கார் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காரும் இன்ஷூரன்சும் பார்க்கிங்கும் வருடச் செலவில் சில ஆயிரங்களைக் கூட்டிவிடும்.

நரம்பு அறுவை, தோல் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஆசை இருந்தால், அந்தத் துறையில் பள்ளிக்கே சொந்தமான ரெசிடென்சி (பட்டம் வாங்கிய பின் பெறும் துறைப் பயிற்சி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிபாரிசுக் கடிதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வெளியே அலைய வேண்டும்.

பள்ளி புதிதாகத் தொடங்கியதா? எம்.டி. பள்ளிகளை அங்கீகரிக்கும் அமைப்பான எல்சிஎம்இ-யின் அங்கீகாரம் முழுமையாக இருக்கிறதா, தற்காலிகமா, கண்காணிப்பில் இருக்கிறதா என்பது எல்சிஎம்இ தளத்திலேயே இருக்கும். ஒரு வகுப்பில் எத்தனை பேர் நான்கு வருடத்தில் முடிக்கிறார்கள், ஒரு பாடத்தில் தவறியவருக்கு என்ன உதவி என்றும் கேளுங்கள். பதில் சொல்லும்போது நெளிகிறார்களா என்பதும் ஒரு தகவல்.

7. அன்று இரவே எழுதிவையுங்கள்

பத்து வரி போதும். மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள், எது உறுத்தியது என்று எழுதுங்கள். நன்றி மெயில் சுருக்கமாக, ஓரிரு நாளில். நன்றி மெயில் வேண்டாம் என்று சொல்லும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ‘இடம் கிடைத்தால் உங்களிடம்தான் வருவேன்’ என்ற உறுதிக் கடிதத்தை ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதுங்கள்.

8. காலண்டரில் குறிக்க வேண்டிய தேதிகள்

எம்.டி. பள்ளிகளுக்கு ஏஏஎம்சி வகுத்த நடைமுறை இது. மார்ச் 15-க்குள் ஒவ்வொரு பள்ளியும் தன் வகுப்பு எண்ணிக்கைக்காவது இடம் அறிவித்திருக்க வேண்டும். ஏப்ரல் 15-க்குள் நீங்கள் அதிகபட்சம் மூன்று இடங்களை வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். ஏப்ரல் 30-க்குள் ஆம்காஸ் தளத்தில் ஒன்றே ஒன்றில் ‘பிளான் டு என்ரோல்’ (இங்கே சேர எண்ணியிருக்கிறேன்) என்று குறிக்க வேண்டும். அதன் பிறகும் மற்ற பள்ளிகளின் வெயிட்லிஸ்ட்டில் இருக்கலாம்.

இதற்குப் பக்கத்திலேயே ‘கமிட் டு என்ரோல்’ என்று இன்னொரு பட்டன் இருக்கும். அதை அழுத்துகிறவர் மற்ற எல்லாப் பள்ளிகளிலிருந்தும், வெயிட்லிஸ்ட்டுகளிலிருந்தும் விலக வேண்டும். பள்ளி கேட்கும் தேதி வரும்வரை அதைத் தொடாதீர்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், இரவு தூக்கக் கலக்கத்தில் அந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

எம்.டி. பள்ளிகளின் முன்பணம் சிறு தொகைதான். ஏப்ரல் 30 வரை திரும்பக் கிடைக்கும். டி.ஓ. (ஆஸ்டியோபதி வழியில் டாக்டராகும் இன்னொரு பட்டம்) பள்ளிகள் அப்படியல்ல. ஆயிரம் டாலருக்கு மேல்கூடக் கேட்பார்கள், பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள், தேதியும் குளிர்காலத்திலேயே வந்துவிடும். எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் சேர்த்து விண்ணப்பித்தவர்கள் இந்தத் தொகையை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.

டெக்சாஸ் தனி உலகம். அங்கே பெரும்பாலும் அந்த மாநிலத்தின் பொது விண்ணப்பத் தளமான டிஎம்டிஎஸ்ஏஎஸ் வழியாக விண்ணப்பம். அரசுப் பள்ளிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதம்தான் உச்சவரம்பு. அந்த மாநிலத்தவர் பள்ளிகளை விருப்ப வரிசையில் அடுக்கித் தர வேண்டும். இரு பக்க வரிசையையும் பொருத்திப் பார்த்துப் பிப்ரவரியில் மேட்ச் முடிவு வரும். ‘எனக்குக் கிடைக்கும்’ என்று தோன்றும் வரிசையில் அடுக்காமல், உண்மையாகவே பிடித்த வரிசையில் அடுக்குங்கள்.

9. பணக் கணக்கு

இதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் உட்கார்ந்து போடுங்கள். அப்பா அம்மா எவ்வளவு தரமுடியும் என்பதைப் பிள்ளை இப்போது தெரிந்துகொள்ளாவிட்டால் பிறகு மனத்தாங்கல்தான்.

2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் படிப்பவருக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான். பல தனியார் பள்ளிகளில் கட்டணமும் வாடகையும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு லட்சம் டாலரைத் தொடுகிறது. மீதிக்குத் தனியார் கடன், அதற்கு நல்ல கிரெடிட்டும் பெரும்பாலும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டும். பழைய சீனியர்கள் ‘எல்லாம் லோன்ல போயிடும்’ என்று சொன்னால் அது அவர்கள் காலத்துக் கதை.

எடுத்துக்காட்டாக, உங்கள் மாநில அரசுப் பள்ளியில் வருட மொத்தச் செலவு 75,000. பெயர்பெற்ற தனியார் பள்ளியில் 1,05,000, அதில் 20,000 ஸ்காலர்ஷிப், ஆக 85,000. வித்தியாசம் பத்தாயிரம்தானே என்று தோன்றும். அரசுக் கடன் 50,000 போக, முதல் பள்ளிக்கு வருடம் 25,000 கைக்காசோ தனியார் கடனோ வேண்டும், இரண்டாவதற்கு 35,000. நான்கு வருடத்தில் ஒரு லட்சம் எங்கே, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் எங்கே! அரசுக் கடனுக்கும் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இப்போதைய விகிதம் எட்டு சதவீதத்தை ஒட்டியிருக்கிறது.

ஸ்காலர்ஷிப் கடிதத்தில் ‘ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்’ என்ற வரி இருக்கிறதா, என்ன நிபந்தனை என்று பாருங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் தருவதும் உண்டு. அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். அதைத் தவிர சில பள்ளிகள் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற நிதி விவரப் படிவமும் கேட்கும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயதானாலும் பள்ளியின் சொந்த நிதி வேண்டுமென்றால் பெற்றோரின் வரிக் கணக்கும் சொத்து விவரமும் கேட்பார்கள். ஊரில் உள்ள வீடு, மனையும் அதில் வரும். மறைக்காதீர்கள், மதிப்புக்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் என்ஒய்யு கிராஸ்மன் 2018 முதலும், பிராங்க்ஸில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 2024 முதலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குடும்ப வருமானம் 3,00,000 டாலருக்குள் இருந்தால் 2024 முதல் கல்விக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்றாலும் நியூயார்க் வாடகை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு இடம் கையில் இருந்தால், அதிகம் தரும் பள்ளியின் கடிதத்தை மற்றதற்கு அனுப்பி, ‘உங்களிடம் வரவே விருப்பம், மறுபடி பரிசீலிக்க முடியுமா’ என்று கேளுங்கள். கேட்பது தவறில்லை. ஏப்ரல் நடுவுக்குள் கேளுங்கள், அதற்குப் பிறகு நிதி தீர்ந்துவிடும்.

10. எதைத் தேர்ந்தெடுப்பது

பத்திரிகைகளின் ரேங்க் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல பெரிய பள்ளிகள் அந்தப் பட்டியலுக்குத் தகவல் தருவதையே நிறுத்திவிட்டன. நான் வரிசைப்படுத்தினால்: நான்கு வருட நிகரச் செலவு முதலில், ரொட்டேஷன் நடக்கும் மருத்துவமனைகள் இரண்டாவது, தவறி விழுந்தால் தூக்கிவிடும் பழக்கம் பள்ளியில் இருக்கிறதா என்பது மூன்றாவது. ஊர்ப் பெயர், சொந்தக்காரர் வியக்கும் பெயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆராய்ச்சியும் போட்டித் துறையும்தான் குறி என்று பிள்ளை தெளிவாக இருந்தால் மட்டும் இரண்டாவதை முதலுக்கு மாற்றலாம்.

‘செகண்ட் லுக்’ என்ற பெயரில் வசந்த காலத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். வீடியோவில் மட்டுமே பார்த்த பள்ளி என்றால் செலவானாலும் ஒரு முறை போங்கள். அவர்கள் காட்டும் சிமுலேஷன் லேப்பைவிட, பஸ் ஸ்டாப்பையும் இரவு நேரத் தெருவையும் வாடகை வீட்டையும் பாருங்கள். முடிவு செய்ததும் மற்ற இடங்களை உடனே விட்டுக்கொடுங்கள். வெயிட்லிஸ்ட்டில் இன்னொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்கும்.

11. இடம் உறுதியானதும் சேர்க்க வேண்டிய தாள்கள்

குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, கல்லூரியின் இறுதி டிரான்ஸ்கிரிப்ட், தடுப்பூசிப் படிவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிந்துவிடும். தடுப்பூசியில்தான் இந்தியாவில் பிறந்த பிள்ளைகள் மாட்டுவார்கள். எம்எம்ஆர் இரண்டு டோஸ், சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) இரண்டு டோஸ், ஹெபடைடிஸ் பி முழு வரிசையும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் வழக்கமாக வேண்டும். ஊரில் போட்ட அட்டை மஞ்சளித்துப் பாட்டி வீட்டு பீரோவில் இருந்தால் இப்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் டைட்டர் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோலில் போடும் டிபி சோதனை பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். அதற்குப் பதிலாக ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி டைட்டர் குறைவாக வந்தால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம் என்று மாதங்கள் இழுக்கும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் மே மாதமே லேபுக்குப் போய்விடுங்கள்.